சிலிண்டர் சாவி

அழகிரிக்குத் தெரியாத வேலை திருச்சி ஜில்லாவில் கிடையாது. யாரையும் விசாரிக்க வேண்டாம், அவரே சொல்லிவிடுவார். மன்னார்புரத்தில் லோடு ஆட்டோவில் இரண்டு சிலிண்டர்களை ஏற்றியதிலிருந்து சொல்லிக்கொண்டேதான் வந்தார். சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் வண்டி நின்றபோது டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் எதிரே வந்தவர்கள் யாருக்கும் நடக்கவே தெரியவில்லை என்றார். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெருமாளிடம் மட்டும் அவருக்குக் குறை இல்லை, அல்லது அதுவரை சொல்லவில்லை.

பின்னால் சிலிண்டர்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த வளவன் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டான். அழகிரி அவனுடைய அக்கா பானுமதியின் புருஷன். தீயால் இரும்பை அறுக்கிற கேஸ் கட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். வளவனுக்குக் கல்யாணமாகி, மனைவி அனுசுயாவுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இந்த வயதிலும் மாமாவிடம் ஏச்சு வாங்காமல் அவனுக்குப் பொழுது போனதில்லை. எதிர்த்துப் பேசியதும் இல்லை. ஆனால் அவரை மதிப்பதை எப்போதோ விட்டுவிட்டான்.

மதிக்க என்ன இருக்கிறது? கட்டர் பிடிக்கிறவன் கறுப்புக் கண்ணாடி போடவேண்டும். அழகிரிக்கு அது சினிமாக்காரன் சமாசாரம். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் விட்டால் கசிவு என்று கண்டுபிடிக்கவேண்டும். அவர் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார். தீ திரும்பி ஹோஸுக்குள் ஓடாமல் தடுக்கிற அரெஸ்டரைப் பிரஷர் குறைகிறது என்று கழற்றி எறிந்தாயிற்று. ரெகுலேட்டரின் திருகு துருவேறி இறுகிக் கிடந்தது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மாற்றலாம் என்று வளவன் சொன்னதற்கு, உன்னை மாற்றினால் போதும் என்று பதில் வந்தது.

எல்லாவற்றிலும் மோசம் சாவி. ஆக்சிஜன், கேஸ் இரண்டு சிலிண்டரையும் திறந்து மூட ஒரே ஒரு சதுரச் சாவிதான். வேலை முடியும்வரை அது சிலிண்டர் தலையிலேயே இருக்கவேண்டும். ஏதாவது ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் உடனே மூடவேண்டுமே. அழகிரி திறந்த கையோடு சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும்.

"விட்டா நீ பயந்துபோய் பாதியில மூடிடுவ மாப்ள" என்பார். பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம்.

"க்கும்."

ஊரையே துச்சமாகத் தூக்கி எறிகிற சத்தம் அது.

மேலூர் ரோட்டைத் தாண்டி வாழைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில், கொள்ளிடக் கரையோரம் இருந்தது அந்த ரைஸ் மில். ஓடுகள் சரிந்து, சுவர்களில் அரசங்கன்று முளைத்துக் கிடந்தது. உள்ளே மக்கிப்போன உமி நாற்றமும் வௌவால் நாற்றமும். இரும்பை எல்லாம் வெட்டி எடுத்துப் போவதுதான் வேலை. காவலுக்கு இருந்தவள் பவுனம்மாள். மில் ஓடிய காலத்தில் களத்தில் நெல் துழாவியவள். இப்போது அதே களத்தில் அவள் ஆடுகள் மேய்ந்தன.

"எல்லாத்தையும் வெட்டிக்குங்க" என்றாள். "என்ஜின் ரூம்ல குரூடாயில் தொட்டி படுத்திருக்கு பாருங்க, அத மட்டும் தண்ணி ரொப்பிட்டு வெட்டுங்க."

"ஏன், அதுக்குத் தாகம் எடுக்குதா?" என்றார் அழகிரி.

பவுனம்மாள் சிரிக்கவில்லை. "பிச்சமுத்துன்னு ஒருத்தரு. உங்கள மாதிரி கட்டர் புடிக்கிறவருதான். எந்தத் தொட்டியா இருந்தாலும் தண்ணி ரொப்பி, சிலிண்டர் சாவியால சுத்தித் தட்டிப் பாத்துட்டுதான் தீ வைப்பாரு. தண்ணி இருக்கற மட்டும் மந்தமா கேக்கும், காலியா இருந்தா கணீர்னு கேக்குமாம். அன்னைக்கு மேனேசரு எல்லார் முன்னாலயும் சிரிச்சாரு. 'என்னய்யா தட்டித் தட்டிப் பாக்கற, பலாப்பழமா வாங்கப் போற? பயமா இருந்தா வீட்டுக்குப் போ'ன்னாரு. மனுசனுக்கு ரோசம் வந்துடுச்சு. அன்னைக்கு ஒருநாள் தட்டல. தண்ணி ரொப்பறேன்னு சொன்ன கூலியாளு ரொப்பவே இல்ல. தொட்டி மூடி பறந்து வந்து நெஞ்சுல அடிச்சுது."

"அப்புறம்?" என்றான் வளவன்.

"அப்புறம் எத்தனையோ பேரு வந்தாங்க. தண்ணி ரொப்ப யாருக்கும் பொறுமை இல்ல. வெறுந்தொட்டியில தீ வச்சா, அவரு ஊதி ஊதி அணைச்சுடுவாரு. உச்சி வேளையில தட்டற சத்தம் இப்பவும் கேக்கும்."

"செத்தும் அவனுக்குப் பயம் போகல" என்றார் அழகிரி. "க்கும்."

"பயமில்லீங்க" என்றாள் பவுனம்மாள், ஆடுகளைப் பார்த்தபடி. "அருவருப்பு. வேலை தெரியாதவன் கையில கட்டரப் பாத்தா அவருக்குப் புடிக்காது."

அழகிரிக்கு முகம் கறுத்துவிட்டது. வளவன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

சிலிண்டர்களை வெளியே களத்து ஓரமாக நிறுத்தி, ஹோஸை ஜன்னல் வழியே உள்ளே விட்டார்கள். காலையெல்லாம் வேலை நன்றாகவே நடந்தது. கட்டரில் நீலத் தீ ஊசியாக நின்றது. ஷாஃப்ட், தூண்கள், நெல் கொட்டுகிற தொட்டி எல்லாம் வாழைத்தண்டு மாதிரி அறுந்து விழுந்தன. அழகிரி நல்ல வேலைக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அதுதான் வளவனுக்கு எரிச்சலாகவும் இருந்தது. ஒன்றும் தெரியாதவராக இருந்தால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

நடுவில் சிலிண்டர்களைப் பார்க்க வெளியே போன வளவன் அப்படியே நின்றான். கேஸ் ஹோஸின் இணைப்பு ஈரமாக இருந்தது. அதன்மேல் வெள்ளை நுரை. நுரையில் ஒரு குமிழ் மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. அடுத்தது கிளம்பியது. துணி சோப்பின் வாசனை அடித்தது.

கசிவுதான். ஸ்பானரால் இறுக்கியதும் குமிழ் நின்றது. ஆனால் அவன் இன்று சோப்புத் தண்ணீர் கொண்டுவரவே இல்லை.

பவுனம்மாள் களத்தின் மறுகோடியில் இருந்தாள்.

உச்சி வெயில் ஏறியபோது என்ஜின் ரூமுக்குப் போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே கிணற்றுக்குள் போலிருந்த இருட்டு. செங்கல் திண்டின்மேல் தொட்டி படுத்திருந்தது. முன்பக்கத்தில் வட்ட மூடி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அழகிரி மூடி இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"நாத்தமே இல்ல. எல்லாம் காஞ்சு போயாச்சு."

"அடியில கசடு இருக்கும் மாமா. சூடு பட்டா அதுலேருந்து ஆவி கிளம்பும். தண்ணி லாரிக்குச் சொல்லிடலாம்."

"தண்ணி லாரிக்குச் சொல்லு, அப்படியே தயிர்சாதத்துக்கும் சொல்லு. கட்டரக் குடு."

தீக்குச்சி கிழித்தார். முதலில் கேஸ், பிறகு ஆக்சிஜன். மஞ்சள் தீ சுருங்கி நீலமாயிற்று. கட்டர் முனையிலிருந்த நாசிலைத் தகட்டுக்குக் கொண்டுபோனார்.

படக்.

தீ அணைந்தது. இருட்டு வந்து மூடியது.

"நாசில் தகட்டுல பட்டிருக்கும்" என்று முனகி மறுபடி பற்றவைத்தார். இம்முறை விரல் அளவு தள்ளியே பிடித்தார்.

படக்.

நாசிலில் அழுக்கு அடைத்திருக்கும் என்று ஊசி விட்டுக் குடைந்தார். படக். நாசில் சரியாக உட்காரவில்லை என்று கழற்றி மாட்டினார். படக். சூடேறிவிட்டது என்று வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். படக். ஹோஸ் எங்கேயோ மடங்கிக் கிடக்கிறது என்று வளவனைத் திட்டி அனுப்பினார். ஹோஸ் நேராகத்தான் கிடந்தது. கட்டரை வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு இரும்புத் துண்டில் வைத்துப் பார்த்தார். தீ ஆடவில்லை, அசையவில்லை. துண்டு இரண்டாக விழுந்தது.

உள்ளே வந்து தொட்டியில் வைத்தார்.

படக்.

கூடவே இன்னொரு சத்தம். மிக அருகில். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம்.

"ச்சு."

அழகிரி சட்டென்று திரும்பினார். "யாரப் பாத்து உச்சுக் கொட்டற?"

"நான் இல்ல மாமா." வளவன் வாசற்படியில் நின்றிருந்தான். சத்தம் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. அறையில் துணி சோப்பின் வாசனை.

படக்.

"ச்சு."

அழகிரியின் கழுத்து நரம்பு புடைத்தது. கட்டரை வளவனிடம் நீட்டினார். "நீ வெட்டு. எனக்கு வேணும்னே சொதப்பி வச்சிருக்க. ஆம்பளன்னா வெட்டு. முடியலன்னா வெள்ளிக்கிழமை அனுசுயாவுக்கு வளையல் அடுக்கறப்ப நீயும் கைய நீட்டு, ரெண்டு போட்டு விடச் சொல்றேன்."

வளவனுக்குக் காதெல்லாம் சுட்டது. கட்டரைப் பிடுங்கிக்கொண்டான். அந்த நிமிஷம் அவனுக்கு ஆவியும் தெரியவில்லை, கசடும் தெரியவில்லை. வெட்டிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். தொட்டி அருகில் போனான். அப்போதுதான் பவுனம்மாள் சொன்னது உறைத்தது. பிச்சமுத்துவும் இப்படித்தானே நின்றிருப்பார், காது சுட.

விரலை மடக்கித் தொட்டியைத் தட்டினான்.

கணீரென்றது. காலி.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக்.

இரும்பின்மேல் இரும்பு. சரியாக அவன் தட்டிய இடத்தில்.

கையை நகர்த்தி, உள்ளங்கையைத் தொட்டியின் அடிப்பக்கம் வைத்தான். தட்டவில்லை. வெறுமனே வைத்தான்.

டொக்.

உள்ளங்கைக்கு நேர் உட்புறம். தகடு அதிர்ந்தது அவன் எலும்பில் தெரிந்தது.

வளவன் கட்டரைக் கீழே வைத்தான். "முடியாது மாமா. தண்ணி ரொப்புனா வெட்டறேன். இல்லன்னா நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க."

"வெயில்ல இரும்பு விரியுது, அதுக்குப் போயி..." அழகிரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "போ, ஆடு மேய்க்கப் போ."

வளவன் வெளியே வந்து சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பவுனம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

உள்ளே படக் என்றது. சற்று நேரம் கழித்து மறுபடி படக். ஒவ்வொரு படக்குக்கும் வளவனுக்கு மூச்சு வந்தது. அணைகிறவரை மாமா உயிரோடு இருக்கிறார். கெட்ட மனுஷன்தான், ஆனால் அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தாங்க முடியாமல் எழுந்து, கேஸ் ஹோஸை இரண்டாக மடித்து முழங்காலால் அழுத்தினான். சீறல் நின்றது. அடுத்த நொடி அழகிரி வெளியே பாய்ந்து வந்தார். ஓங்கி ஓர் அறை. ஹோஸைப் பிடுங்கி நேராக்கினார்.

"சாவியாவது சிலிண்டர்ல வச்சுட்டுப் போங்க மாமா."

அழகிரி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "க்கும்." உள்ளே போய்விட்டார்.

படக்.

படக்.

பிறகு அணையவில்லை.

சீரான சீறல் மட்டும் கேட்டது. காலையில் தூண்களை அறுத்தபோது கேட்ட அதே சீறல். வளவன் கொஞ்சம் நிம்மதிகூட அடைந்தான். சரியாகிவிட்டது போலிருக்கிறது.

பவுனம்மாள் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஊதறது நின்னுடுச்சு" என்றாள்.

"என்னம்மா?"

"கைவிட்டுட்டாருப்பா. இவனுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லன்னு விட்டுட்டாரு. எந்திரி. ஓடு."

அவள் ஆடுகளை விரட்டிக்கொண்டு ஓடினாள். வளவன் சிலிண்டரிடம் பாய்ந்தான். சதுரத் தண்டு மொட்டையாக நின்றது. விரல்களால் பிடித்துத் திருகினான். தோல் உரிந்ததே தவிர, அது அசையவில்லை. ஹோஸை மடித்தான். முழங்காலால் அழுத்தினான், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

சீறல் குறையவே இல்லை.

கேஸ் போக வழியில்லை. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினான். இருட்டில் அந்த நீல ஊசி ஆடாமல் நின்றது. தகடு சிவந்துகொண்டிருந்தது. சோப்பின் வாசனை சுத்தமாக இல்லை. பழைய எண்ணெய் நாற்றம் குப்பென்று வந்தது.

"மாமா! சாவிய எறிங்க! சாவிய எறிங்க மாமா!"

அழகிரி திரும்பக்கூட இல்லை. இடது கையால் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டினார்.

"க்கும்."

மூடி பறந்த சத்தத்தை வளவன் கேட்கவில்லை. களத்தில் மல்லாந்து கிடந்தபோது வானத்தில் வௌவால்கள் கூட்டமாகச் சுற்றியதைப் பார்த்தான். பட்டப்பகலில் அவ்வளவு வௌவால்கள்.

அழகிரியை ஓயாமரி சுடுகாட்டில் எரித்தார்கள். பானுமதி மயங்கி மயங்கி விழுந்தாள். அனுசுயாவின் வளைகாப்பு தள்ளிப்போயிற்று. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். வளவன் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் நின்றான். அழுகை ஒரு சொட்டு வரவில்லை. இப்படியும் ஒருத்தன் சாவானா, கூப்பிடக் கூப்பிட, சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு? ஆஸ்பத்திரியில் அவருடைய துணிகளைப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள். சட்டைப் பை கிழியாமல் அப்படியே இருந்தது. அதில் சாவி இல்லை.

மில்லிலும் தேடினார்கள், கிடைக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் வளவன் ஒரு தண்ணி லாரியோடு கொள்ளிடக் கரைக்குப் போனான். தொட்டியின் வாய் பிளந்திருந்தாலும் உடம்பு முழுசாக இருந்தது. அதை நிமிர்த்தி, கழுவிக் கசடை வழித்து, வெட்டுகிற கோட்டுக்கு விரற்கடை கீழே வரை தண்ணீர் ரொப்பினான். கசடோடு ஒரு பழைய சதுரச் சாவி வந்தது, துரு தின்று இளைத்துப்போனது. பிச்சமுத்துவினுடையது. அதாலேயே தொட்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்தான். கோடுவரை மந்தமாகக் கேட்டது. தீ ஒருதரம்கூட அணையவில்லை. வெட்டி முடிக்கும் தறுவாயில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரே ஒரு தட்டல் வந்தது. தட்டிக்கொடுக்கிற மாதிரி மெதுவாக.

பவுனம்மாள் அந்தச் சாவியை வாங்கிக் கொள்ளிடத்தில் போட்டாள். "போய்ச் சேர்ந்துட்டாரு" என்றாள்.

அழகிரியின் மன்னார்புரத்துக் கொட்டகையில் இப்போது வளவன்தான் எல்லாம். புது ஹோஸ், புது ரெகுலேட்டர், அரெஸ்டர், கறுப்புக் கண்ணாடி, பாட்டிலில் சோப்புத் தண்ணீர். சாவியும் புதுசு. அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். சிலிண்டரைத் திறந்து, சாவியை அதன் தலையிலேயே விட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தான். பட்டப்பகல். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

குனிந்தபோது சட்டை ஒரு பக்கமாக இழுத்தது.

பைக்குள் கைவிட்டான். சிவப்புச் சாவி.

மறந்து போட்டிருப்பேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்துபோனான். சாவியைத் திரும்ப மாட்டினான். கட்டுக்கம்பியால் சிலிண்டர் கழுத்தோடு சேர்த்துச் சுற்றி, குறடால் முறுக்கினான். வந்து கட்டரைப் பற்றவைத்தான். நீலத் தீ ஊசியாக நின்றது.

சட்டை ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். சிலிண்டர் கழுத்தில் கட்டுக்கம்பி முறுக்கு அவிழாமல் இருந்தது. நடுவில் சாவி இல்லை. சதுரத் தண்டு மொட்டையாக நின்றது.

வளவன் மூச்சை இழுத்து மோந்து பார்த்தான். சோப்பின் வாசனை வருமா என்று ஏங்கினான். எதிரே இருந்த இரும்பைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் காத்திருந்தான். யாரும் பதில் தட்டவில்லை. ஊதி அணைக்க இங்கே பிச்சமுத்து இல்லை.

தீ ஆடாமல் எரிந்தது.

பிடரியில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது.

"க்கும்."